வீட்டை விற்பது யார்? நாமா, தரகரா?



கடந்த சில மாதங்களாக எமது நிலையத்துக்கு வரும் பெண்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்கின்றார்கள். "வீட்டை விக்கிற நிலைமை வந்திட்டுது. புரோக்கரிட்டைக் குடுக்கிறதோ, நாங்களே ஆள் தேடுறதோ?" மகளின் திருமணம், மகனின் வெளிநாட்டுப் பயணம், வாராவாரம் வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரர், ஒரு சத்திரசிகிச்சை, அல்லது பிள்ளைகள் எல்லோரும் போனபின் பெரிய வீட்டில் தனியே இருக்க முடியாமை. காரணங்கள் வேறு, கேள்வி ஒன்று. ஆகவே இம்மாதம் அதைப் பற்றியே எழுதுகின்றேன்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில், யாழ்ப்பாணத்துச் சீதன முறையில் காணியும் வீடும் பெண்ணின் பெயரில் எழுதப்படுவதைப் பற்றி நிறைய வாசித்தோம். வேலைக்கு வந்தபின்னர்தான் அதன் மறுபக்கத்தைக் கண்டேன். உறுதி பெண்ணின் பெயரில் இருக்கும். ஆனால் எல்லை பார்ப்பது, விலை பேசுவது, நொத்தாரிசிடம் போவது எல்லாம் தகப்பன், கணவன், தமையன். பெண் கடைசி நாளில் போய்க் கையெழுத்து மட்டும் வைப்பார். யுத்தம் அந்த ஆண்களை எடுத்துக்கொண்டது. இன்று பெண் தலைமை தாங்கும் குடும்பங்களில் காணி அலுவல் முழுவதும் முதன்முறையாகப் பெண்ணின் தலையில் விழுகின்றது. அந்த நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து, "யோசிக்காதேங்கோ அக்கா, எல்லாத்தையும் நான் பாக்கிறன்" என்று ஒருவர் சொன்னால், அது பெரிய ஆறுதலாக இருக்கும். வீட்டில் இல்லாத ஆணின் இடத்தில் தரகர் வந்து அமர்வது இப்படித்தான்.

தரகர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நேர்மையாகத் தொழில் செய்பவர்களை நான் அறிவேன். ஆனால் தரகரின் வேலை எது, எமது வேலை எது என்று பிரித்து அறியாதவரை, யார் மூலம் விற்றாலும் இழப்பு எமக்கே.

தரகரின் கூலி எவ்வளவு?

தரகரின் வேலை ஒன்றுதான். வாங்கக்கூடிய ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பது. யாருக்குக் காணி தேவை, கனடாவிலோ சுவிசிலோ இருந்து யார் ஊரில் வாங்க நினைக்கின்றார், யாரிடம் பணம் தயாராக உள்ளது என்ற தகவல்கள் அவரிடம் இருக்கும். அதற்கு ஒரு பெறுமதி உண்டு. கூலி பேச்சில்தான் முடிவாகின்றது. விலையில் 2 அல்லது 3 வீதம் என்று கேட்பது வழக்கம். விற்பவரிடமும் வாங்குபவரிடமும் இரு பக்கமும் வாங்குவதும் உண்டு.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நான்கு பரப்புக் காணியும் வீடும் 80 இலட்சத்துக்கு விலைப்படுகின்றது என்று வையுங்கள். 3 வீதம் என்றால் தரகருக்கு 2 இலட்சத்து 40 ஆயிரம். "ஐயோ, இவ்வளவோ?" என்று நாம் திகைப்பது இந்தத் தொகையைப் பார்த்துத்தான். ஆனால் இது கண்ணுக்குத் தெரிகின்ற கூலி. தெரியாத கூலி இரண்டு உண்டு.

முதலாவது, அவசரம். விலை 80 இலட்சத்திலிருந்து 75 ஆகக் குறைந்தால் உங்களுக்கு 5 இலட்சம் நட்டம். தரகருக்கு 15 ஆயிரம் மட்டும். இன்னும் மூன்று மாதம் பொறுத்தால் அந்த 5 இலட்சம் கிடைக்கலாம் என்றாலும், 15 ஆயிரத்துக்காக மூன்று மாதம் அலைய அவருக்கு என்ன தேவை? "இதுக்கு மேல ஒருத்தரும் தரமாட்டினம், வந்த ஆளை விடாதேங்கோ" என்று அவர் சொல்வது பொய்யாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஆனால் அவசரம் அவருடையது, நட்டம் உங்களுடையது. உங்களுக்குக் கடன் நெருக்கடி இருப்பது தெரிந்தால் இந்த அவசரம் இன்னும் கூடும். ஆகவே எதற்காக விற்கின்றீர்கள் என்பதைத் தரகரிடமும் வாங்க வருபவரிடமும் சொல்லாதீர்கள். "பிள்ளையளோடை போய் இருக்கப்போறன்" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மேல் வைத்து விற்பது. உங்களிடம் 80 என்று பேசி, வாங்குபவரிடம் 86 என்று சொல்லி, நடுவிலுள்ள 6 இலட்சத்தைத் தரகர் எடுத்துக்கொள்வது. இது நடக்கவேண்டுமானால் ஒரு நிபந்தனை உண்டு. விற்பவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் பேசக்கூடாது. "அவை பெரிய ஆக்கள், உங்களோடை கதைக்க நேரமில்லை" என்றோ, "பொம்பிளையள் விலை கதைச்சால் குழம்பிப்போகும்" என்றோ சொல்லி உங்களை ஒதுக்கினால் அங்கே கவனியுங்கள். வலிகாமத்தில் ஒரு அம்மா, தன் வீட்டை வாங்கியவரை நொத்தாரிசின் அலுவலகத்தில்தான் முதன்முதலில் கண்டார். பேச்சுவாக்கில் அவர் கொடுத்த மொத்தத் தொகை வெளிவந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்களாம். அன்றைக்கு வேறு என்ன செய்யமுடியும்? கையெழுத்து வைத்தாயிற்று.

தரகரை வைப்பதானால், விலை எவ்வளவு, கூலி எவ்வளவு, எப்போது கொடுப்பது என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். கூலியைப் பணம் முழுவதும் உங்கள் கைக்கு வந்தபின் கொடுங்கள். "என்னைத் தவிர வேறை ஒருத்தருக்கும் காட்டப்படாது" என்ற கட்டுப்பாட்டுக்குச் சம்மதிப்பதானால் இரண்டு மாதம் என்று ஒரு காலக்கெடு வையுங்கள்.

நாமே விற்பதானால்

நாமே விற்றால் கூலி மிச்சம். ஆனால் அந்தக் கூலிக்குத் தரகர் செய்யும் வேலையை நாம் செய்யவேண்டும். அதற்கு நேரமும் பொறுமையும் தேவை.

முதலில் விலையை அறியவேண்டும். அக்கம்பக்கத்தில் கடந்த ஓரிரு வருடங்களில் விற்றவர்கள், வாங்கியவர்கள் மூன்று பேரிடமாவது கேளுங்கள். உறுதிகளில் எழுதப்பட்ட தொகையை மட்டும் நம்பவேண்டாம். முத்திரை வரியைக் குறைப்பதற்காக அது பெரும்பாலும் குறைத்தே எழுதப்பட்டிருக்கும். பெரிய சொத்தானால் மதிப்பீட்டாளர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்து அறிக்கை பெறுவது வீண்செலவல்ல. காணியை அனுமதிபெற்ற நிலஅளவையாளரைக் கொண்டு அளப்பியுங்கள். பத்து, இருபது வருட இடப்பெயர்வில் வேலிகள் நகர்ந்திருக்கும். உறுதியில் நான்கு பரப்பு என்று இருக்கும், நிலத்தில் மூன்றே முக்கால்தான் இருக்கும். வாங்குபவர் அளந்து கண்டுபிடிப்பதற்கு முன் நீங்கள் அறிந்திருப்பது நல்லது. ஒரு பரப்பு என்பது 10 பேர்ச். அதில் கால் பரப்பின் விலை என்ன என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

பிறகு ஊருக்குச் சொல்லுங்கள். உதயன், வலம்புரி போன்ற பத்திரிகைகளில் சிறு விளம்பரம், படலையில் ஒரு பலகை, கோயிலிலும் தேவாலயத்திலும் தெரிந்தவர்களுக்கு ஒரு சொல். வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு வட்ஸ்அப்பில் நாலு படம் அனுப்பினால் அது எங்கெங்கோ போய்ச்சேரும். தென்மராட்சியில் ஒரு சகோதரி இப்படித்தான் விற்றார். கிணற்றை இறைத்து, வளவைத் துப்புரவாக்கி, பலகை போட்டார். எட்டு மாதம் எடுத்தது. முப்பது பேருக்கு மேல் பார்க்க வந்தார்கள். பாதிப்பேர் விடுப்புப் பார்க்க வந்தவர்கள். கடைசியில் வாங்கியது பின்வளவுக்காரரின் மருமகன். "அவர் நெடுக இஞ்சைதான் நிண்டவர், எனக்குத்தான் தெரியேல்லை" என்று சிரித்தார் அந்தச் சகோதரி. பக்கத்துக் காணிக்காரர்கள்தான் பல இடங்களில் நல்ல விலை கொடுப்பவர்கள். அவர்களிடம் முதலில் கேளுங்கள்.

தனியே இருக்கும் பெண்கள் பலகையில் தமது தொலைபேசி இலக்கத்தைப் போடத் தயங்குவது நியாயமானது. இரவில் அழைத்துத் தொந்தரவு கொடுப்பவர்கள் உண்டு. தமையன் அல்லது பெறாமகனின் இலக்கத்தைப் போடலாம். காட்டுவது பகலில் மட்டும், மச்சாளோ அயலவரோ பக்கத்தில் இருக்கும்போது மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தனையும் முடியாது என்ற நிலையில் உள்ளவர்கள் தரகரை நாடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெளிமாவட்டத்தில் இருந்துகொண்டு ஊரிலுள்ள வீட்டை விற்பவர்களுக்கும், உடல்நலம் குன்றியவர்களுக்கும் தரகர் பயன்படுவார்.

வெளிநாட்டில் இருந்து வாங்குபவரானால் ஒன்றை ஆரம்பத்திலேயே கேளுங்கள். உறுதி யார் பெயரில் எழுதப்படும்? 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், இலங்கைப் பிரசை அல்லாதவருக்குக் காணியைச் சொந்தமாக எழுதுவதைச் சில விலக்குகளுடன் தடுக்கின்றது. இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. இதைக் கேட்காமல் ஆறு மாதம் காத்திருந்து ஏமாந்தவர்கள் உண்டு.

தரகராலும் முடியாத வேலை

காணி விற்பனை வாய்ச்சொல்லால் நடப்பதல்ல. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அது எழுத்தில், நொத்தாரிசின் முன்னிலையிலும் இரு சாட்சிகளின் முன்னிலையிலும் கையெழுத்தாக வேண்டும். ஆகவே நீங்களே விற்றாலும் தரகர் மூலம் விற்றாலும் கடைசியில் வந்து சேர்வது நொத்தாரிசிடம்தான். செலவை வாங்குபவரே ஏற்பதால் நொத்தாரிசை அவரே தெரிவுசெய்வது வழக்கம். உங்கள் பக்கத்தில் உறுதியை வாசித்துச் சொல்ல வேறு ஒரு சட்டத்தரணி இருப்பது நல்லது. வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

உறுதி தொலைந்துவிட்டது என்று பலர் அஞ்சுகின்றார்கள். 1995 இடப்பெயர்விலும் 2009 முள்ளிவாய்க்காலிலும் உறுதிப் பெட்டியை விட்டுவிட்டு ஓடியவர்கள் எத்தனையோ பேர். பதிவுசெய்யப்பட்ட உறுதியின் பிரதி காணிப் பதிவகத்தில் இருக்கும். அங்கு விண்ணப்பித்து உறுதிப்படுத்திய பிரதியைப் பெறலாம். தோம்பும் எடுத்துப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் ஈடோ வேறு எழுத்தோ விழுந்திருந்தால் அதில் தெரியும். இந்த வேலையை, "உறுதி எடுத்துத்தாறன்" என்று பணம் கேட்பவரிடம் விடாமல் நீங்களே போய்ச் செய்யலாம்.

வன்னியில் பலரின் காணி அரச அனுமதிப்பத்திரக் காணி. அதில் இந்திய வீட்டுத்திட்டத்தின் ஐந்தரை இலட்சம் ரூபாவில் கட்டிய வீடு நிற்கலாம். வீடு உங்களுடையது என்றாலும், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரக் காணியை விற்கமுடியாது. அளிப்புப் பத்திரம் உள்ள காணிக்கும் முதலில் பிரதேச செயலகத்தின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். "வெள்ளைத் தாளில எழுதிக் குடுங்கோ, பிறகு மாத்தலாம்" என்று சொல்பவரை நம்பி எழுதிக்கொடுத்தால் வாங்கியவரும் நீங்களும் சேர்ந்தே மாட்டிக்கொள்வீர்கள். கணவரின் பெயரிலிருந்த காணியில் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. வயது வராத பிள்ளையின் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. தேசவழமைக்கு உட்பட்ட பெண், தன் பெயரிலுள்ள சீதனக் காணியாயினும் அதை விற்பதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், முதுசம் பற்றிய கட்டளைச் சட்டம் இன்றும் இப்படித்தான் சொல்கின்றது. இது நியாயமா என்று நாம் தனியே ஒரு மாதம் பேசலாம். (கிழக்கிலுள்ள சகோதரிகளுக்குப் பொதுவாக இந்தக் கட்டுப்பாடு இல்லை.) கணவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழைக் காட்டினால் போதும். கணவர் காணாமற்போயிருந்தால்?

2009இல் கணவரைத் தொலைத்த ஒரு சகோதரி. தாயார் எழுதிக்கொடுத்த சீதன வீடு. மகளின் படிப்புக்கும் கடனுக்குமாக அதை விற்க முடிவெடுத்தார். தரகர் ஆளும் கொண்டுவந்துவிட்டார். கணவரின் சம்மதம் பற்றிய பேச்சு வந்தபோது தரகர் சொன்னார், "எத்தினை வருசமாச்சு அக்கா. மரணச் சான்றிதழ் ஒண்டை எடுத்துவிடுங்கோ. அலுவல் கெதியாய் முடியும்." அந்தச் சகோதரி எழும்பிப்போய்விட்டார். பிறகு எங்களிடம் வந்து கேட்டார், "அவர் செத்திட்டார் எண்டு நானே எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது? இவ்வளவு காலமும் படத்தை வைச்சுக்கொண்டு ரோட்டில நிண்டது என்னத்துக்கு?"

அந்தத் தரகர் கெட்ட மனிதரல்ல. அவருக்குத் தெரிந்த குறுக்குவழியைச் சொன்னார். ஆனால் சட்டத்தில் வேறு வழி உண்டு. அதே 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, கணவரின் இருப்பிடம் தெரியாவிட்டால், அவர் கைவிட்டுப் போயிருந்தால், இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தால், மனநலம் இழந்திருந்தால், அல்லது நியாயமின்றிச் சம்மதம் தர மறுத்தால், மனைவி மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச்செய்து கணவரின் சம்மதமின்றி விற்க உத்தரவு பெறலாம் என்று கூறுகின்றது. அந்தச் சகோதரி சட்டத்தரணி ஒருவரின் உதவியுடன் அதைச் செய்தார். மாதங்கள் எடுத்தன. முதலில் வந்த ஆள் பொறுக்காமல் போய்விட்டார். பிறகு வேறொருவர் வாங்கினார். விலை கொஞ்சம் குறைவுதான். ஆனால் அவருடைய உறுதியில் கணவரின் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்ற சொல் இல்லை.

மரணச் சான்றிதழ் எடுத்த சகோதரிகளையும் நான் அறிவேன். அவர்களின் முடிவைக் குறைசொல்ல எவருக்கும் உரிமை இல்லை. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர், காணவில்லை என்று உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றும் வழங்கப்படுகின்றது. அது மரணச் சான்றிதழ் அல்ல. விற்பனைக்கு அது மட்டும் போதும் என்று யாராவது சொன்னால், சட்டத்தரணியிடம் கேட்காமல் நம்பவேண்டாம். எது எப்படியாயினும் அந்த முடிவு உங்கள் மனதில் எடுக்கப்படவேண்டியது. ஒரு காணி வியாபாரத்தின் அவசரத்தில் எடுக்கப்படக்கூடாது.

இன்னொன்று. தேசவழமைக் காணியில் உங்களுடன் பங்கு உள்ளவர்களுக்கும் உரித்தாளிகளுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947இல் இதற்கெனச் சட்டம் வந்தது. அவர்களுக்கு முறைப்படி அறிவிக்காமல் விற்றால் பின்னர் வழக்கு வரலாம். தங்கைச்சியோடு கோபம் என்பதற்காக இதை விட்டுவிடாதீர்கள்.

கையை விட்டுப் போகக்கூடாத நான்கு

ஆளைத் தேடுவது யாராக இருந்தாலும் நான்கு விடயங்கள் உங்கள் கையில் இருக்கவேண்டும்.

ஒன்று, மூல உறுதி. காட்டுவதற்குப் போட்டோப்பிரதி போதும். அதன் குறுக்கே "பார்வைக்கு மட்டும்" என்று எழுதிக்கொடுங்கள்.

இரண்டு, விலை. கடைசி விலையை வாங்குபவரிடம் நீங்களே நேரில் கேட்டு உறுதிசெய்யுங்கள். உறுதியில் குறைத்து எழுதுவதற்கும் இலேசில் தலையாட்டாதீர்கள். நாளைக்கு வழக்கு என்று வந்தால் நீங்கள் பெற்றதாகக் காகிதத்தில் இருப்பது அந்தக் குறைந்த தொகைதான். 2018 ஏப்ரலிலிருந்து மூலதன இலாப வரியும் நடைமுறையில் உள்ளது. சொந்தமாக வைத்திருந்து வசித்த வீட்டுக்கு நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு. உங்களுக்குப் பொருந்துமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

மூன்று, கையெழுத்து. வெற்றுத்தாளில் வைக்காதீர்கள். தரகரின் பெயரில் அற்றோணித் தத்துவம் எழுதிக்கொடுக்காதீர்கள். அது உங்கள் கையை வெட்டி அவரிடம் கொடுப்பது போன்றது. உறுதி ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். விளங்கும்வரை கேட்க வெட்கப்படவேண்டாம்.

நான்கு, பணம். அச்சவாரம் வாங்கினால் எழுத்தில் வாங்குங்கள். மிகுதி உங்கள் சொந்த வங்கிக் கணக்குக்கே வரவேண்டும். தரகரின் கணக்குக்கோ தமையனின் கணக்குக்கோ அல்ல. பணம் வந்து சேர்ந்ததை வங்கியில் உறுதிசெய்தபின் பேனாவை எடுங்கள்.

இந்த நான்கும் உங்களிடம் இருந்தால் தரகர் வைத்தும் விற்கலாம், தனியேயும் விற்கலாம். நான்கில் ஒன்று போனாலும் இரண்டு வழியும் ஆபத்துத்தான். விற்பதற்கு முன் ஒருநாள், உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தருடனோ, உங்கள் கிராமத்து மாதர் சங்கத்தில் ஏற்கெனவே விற்ற ஒருவருடனோ இருந்து பேசுங்கள். கடனுக்காகவே விற்பதானால், முழு வளவையும் விற்காமல் ஒரு பகுதியைப் பிரித்து விற்க முடியுமா என்பதையும் அப்போதே கேளுங்கள். எங்களிடம் வந்தவர்களில் சிலர் இரண்டு பரப்பை மட்டும் விற்று, வீட்டைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

அடுத்த மாதம், வீட்டை விற்ற பணத்தை எங்கே, யார் பெயரில் வைப்பது என்பது பற்றிப் பேசுவோம். அதற்கிடையில் உறுதிப் பெட்டியை ஒருமுறை திறந்து, உங்கள் பெயரில் என்ன இருக்கின்றது என்று வாசித்துப் பாருங்கள்.